பெடல் மிதிக்க ஆள் இல்லாத மூணு மாசம்

பிரேக் ஆயில் லைன்ல பூந்த காத்தை வெளிய எடுக்கற வேலைக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் சீட்ல ஒக்காந்து பெடலை மிதிச்சுப் பிடிக்கணும், இன்னொருத்தர் சக்கரத்தாண்ட படுத்துக்கினு சின்ன நட்டு ஒண்ணைத் திறந்து மூடணும். கும்மிடிப்பூண்டி பைபாஸ் பக்கம் இருக்கற எங்க ஷெட்டுல படுக்கற ஆள் நான். மிதிக்கற ஆள் என் பொண்டாட்டி ஜெயந்தி. பதினாறு வருசமா இப்படித்தான். ஊட்டுல சண்டை போட்டுட்டு தொழிலையும் பாக்கணும்னு தலையெழுத்து இருக்கற அண்ணன் தம்பிங்களா, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

மெக்கானிக் யாரு?

திருநின்றவூர்லேர்ந்து ஒருத்தர் குடும்பத்தோட பழைய கார்ல வந்தாரு. பெடல் மெத்துனு போகுதுன்னாரு. பின் சக்கரத்து சிலிண்டர்ல ஆயில் கசிஞ்சிருந்துது. அதை மாத்தி, காத்தும் எடுத்தேன். பெடலைப் பிடிச்சிருந்த ஜெயந்தி, "யோவ், அழுத்திப் பிடிச்சா கால் மெல்ல எறங்குதுயா. மாஸ்டர் சிலிண்டரும் போச்சு"ன்னா. "மிதின்னா மிதி. மெக்கானிக் நீயா நானா?"ன்னேன். கார்ல இருந்த குழந்தைங்க கூட சிரிச்சுதுங்க. அவ எறங்கி ஊட்டுக்குள்ள போயிட்டா.

நல்லவேளை, அந்த மனுசன் ரயில்வே கேட் தாண்டறதுக்குள்ளயே உஷாராகி, வண்டியை உருட்டிக்கினு திரும்பிட்டாரு. பெடலாண்ட இருக்கற மாஸ்டர் சிலிண்டரே தான் கோளாறு. அதுக்குள்ள ஜெயந்தி பையைத் தூக்கிக்கினு ஆர்.கே.பேட்டைக்கு, அவங்கம்மா ஊட்டுக்கு பஸ் ஏறிட்டா. தலையில அடிச்சிக்கினு வேலையை முடிச்சுக் குடுத்தேன். கிளம்பும்போது அவர் சொன்னாரு: "அந்தம்மா சொன்னதை அப்பவே கேட்டிருக்கலாம்ங்க. எங்க அவங்க, காணோம்?"

ரெண்டு தட்டு

அதுக்கப்புறம் வர்ற கஸ்டமரையே சீட்ல ஒக்கார வச்சேன். கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தர், அவங்கப்பா காலத்து வேன்ல வந்தாரு. "நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க சார்"ன்னு கெஞ்சினேன். நட்டு திறந்திருக்கு, போன் அடிச்சுது, காலை எடுத்துட்டாரு. வெளிய போன காத்து அத்தனையும் சொய்ங்னு உள்ள வந்துருச்சு. பேஜாரு! நாலு வாட்டி இதே கூத்து.

ஜெயந்தி இருந்தா வாயைத் திறக்கவே வேணாம். ஸ்பேனரால ஒரு தட்டு தட்டினா மிதிப்பா, ரெண்டு தட்டினா விடுவா. அந்தப் பழக்கத்துல கை தானா தட்டிக்கினே இருந்துது. படுத்த வாக்குல கண்ணு கலங்கிருச்சு, பிரேக் ஆயில் பட்டுச்சுன்னு தொடைச்சிக்கினேன். மேலேர்ந்து குரல் வந்துது: "இன்னா பாஸ் தட்டிக்கினே இருக்கீங்க? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

கட்டை

அப்புறம் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கட்டையை முட்டுக் குடுத்தேன். நட்டைத் திறந்து மூடற ஒவ்வொரு வாட்டியும் எழுந்து போய் கட்டையை எடுத்து, மறுபடி மிதிச்சு, மறுபடி வச்சு... இடுப்பு கழண்டுச்சு. மத்தியானம் சோத்தைப் பிரிச்சா, யாரையாவது திட்டணும் போல இருக்கும். திட்டினா திருப்பித் திட்டறதுக்கு அவ வேணும். போனைக் கையில எடுப்பேன், பேரைப் பாப்பேன், வச்சுடுவேன். பக்கத்து பஞ்சர் கடை பாய் ஒருநாள் எட்டிப் பாத்துட்டு சொன்னாரு: "கட்டை எதிர்த்துப் பேசாது நைனா. நீ கேட்டது அதானே?"

ஆர்.கே.பேட்டை வேன்

மூணாவது மாசம் மாமியார் போன் பண்ணாங்க. "நம்ம வேன் பெடல் தொபுக்குனு போகுது மாப்ள. உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்னா ஜெயந்தி வேணாம்ங்கறா. யாராவது வண்டியை எடுத்துடப் போறாங்கன்னு சாவியையும் இடுப்புல சொருவி வச்சிருக்கா. நீங்க வந்து பாருங்க." அடுத்த பஸ்ஸைப் புடிச்சேன்.

ரெண்டு மூணு வாட்டி மிதிச்சா பெடல் மேல வருது. அப்போ லைன்ல காத்து இருக்கு. எங்கயும் கசிவு இல்ல, காத்து உள்ள எப்படிப் பூந்துச்சு? கேக்காமலே ஜெயந்தி வந்து சீட்ல ஒக்காந்தா. மூஞ்சியைப் பாக்கல. நான் சக்கரத்தாண்ட படுத்துக்கினேன். மூஞ்சி தெரியாத இடத்துலேர்ந்து தான் தைரியம் வந்துச்சு. "அன்னிக்குத் தப்பு என் மேல தான் ஜெயந்தி. நீ இல்லாம ஷெட்டும் ஓடல, ஊடும் ஓடல"ன்னேன். அப்போ தான் நட்டைப் பாத்தேன். சுத்தியும் துரு, விளிம்புல மட்டும் புதுசா ஸ்பேனர் பட்ட பளபளப்பு. அந்த நட்டு எதுக்குன்னு அந்த ஊட்டுல தெரிஞ்சது ஒரே ஆளுக்குத் தான். "இதை யாரு திறந்தது?"ன்னேன்.

"மூணு மாசமா உனக்கு ஒரு போன் பண்ணத் தெரியலயே, நான் வேற இன்னாயா பண்ணுவேன்?"

இத்தனை வருச சர்வீஸ்ல கோளாறு இன்னதுன்னு கண்ணால பாத்த பிறகும், "பழைய வண்டின்னா அப்படித்தான் அத்தை"ன்னு வாய் கூசாம புளுகிட்டு நான் முடிச்சுக் குடுத்த வேலை அது ஒண்ணு தான்.