மறுமுறை மந்திரித்த குழிகள்

உங்கள் தாயைப் புதைத்த அன்று குழியருகே நின்று செபம் சொன்னவர் ஒரு பெண் என்பதற்காக, அந்த அடக்கம் செல்லாது என்று சொல்வீர்களா?

அவசரப்பட்டு "மாட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் அந்தோணிராஜிடம் கேட்டிருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். தாயின் குழியை மூடிய பிறகு, செபம் சொன்ன செபாஸ்தியம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு அழுதவர் அவர். ஒரு வருடம் முடிவதற்குள், அதே குழியை மறுபடி மந்திரிக்க வேண்டும் என்று பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தவரும் அவரேதான். சாமியாருக்குப் பின்னால் தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு போனது யார் தெரியுமா? செபாஸ்தியம்மாள்தான்.

அந்த ஊரில் இருப்பது கத்தோலிக்கப் பங்கின் கிளைக் கோயில். சாமியார் ஞாயிற்றுக்கிழமை வந்து பூசை வைத்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பது, மணியடிப்பது, செபமாலை சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் உபதேசியார் வேலை. உபதேசியார் மிக்கேல்ராஜுக்கு வாழ்க்கைப்பட்டு அந்த ஊருக்கு வந்தவர் செபாஸ்தியம்மாள். மிக்கேல்ராஜுக்குச் சளித்தொந்தரவு. நாலு வரி படித்தால் மூச்சு வாங்கும். ஐந்தாவது வரியை மனைவி எடுத்துக்கொள்வார். கணவர் இருமி முடிப்பதற்குள் செபம் முடிந்திருக்கும். வெகுகாலம் அப்படித்தான் நடந்தது. ஊரில் யாரும் அதை வினோதமாக நினைத்ததில்லை. அவர் நின்றார், அம்மாள் சொன்னார். நின்றவருக்கு உபதேசியார் என்று பெயர். சொன்னவருக்கு உபதேசியார் சம்சாரம் என்று பெயர்.

சாவு விழுந்து சாமியார் வர முடியாத நாட்களில் மிக்கேல்ராஜே குழி மந்திரிப்பார். குழி மந்திரிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. புத்தகத்தில் இருக்கிற செபத்தைச் சொல்லி, தீர்த்தம் தெளித்து, சாம்பிராணி காட்டி, ஒரு கைப்பிடி மண் போட வேண்டும். குருப்பட்டம் பெறாதவரும் அவசரத்துக்குச் செய்யலாம் என்று சபையே அனுமதித்திருக்கிறது.

கொரோனாவின் இரண்டாம் அலை வந்த வைகாசியில் ஊருக்குள் மரணம் வரிசையாக வந்தது. அப்போதைய பங்குச் சாமியார் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதலில் போனது அந்தோணிராஜின் தாய். பாலித்தீன் உறைக்குள் கட்டி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மகன் தூரத்தில் வேலிக்கு வெளியே நின்றார். மிக்கேல்ராஜுக்கும் அன்று காய்ச்சல். கட்டிலில் படுத்தபடியே சொன்னார்.

"நீ போ."

"நானா? நான் எப்பிடிங்க?"

"இத்தன வருசமா வேற யாரு சொன்னது? போ. தீர்த்தத்தைத் தண்ணி பாட்டில்ல ஊத்திக்கிட்டுப் போ. செம்பு கொண்டுபோனாத் தொடைக்க ஏலாது."

செபாஸ்தியம்மாள் போனார். துப்புரவுப் பணியாளர்கள் கொடுத்த முழுக்கவச உடையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி வேர்த்து மறைக்க, புத்தகத்தைப் பார்க்காமலே செபம் சொன்னார். அந்த மாதத்தில் எத்தனை குழிகள் என்று அவர் எண்ணவில்லை. கடைசிக் குழி மிக்கேல்ராஜினுடையது. மகன் ஸ்டான்லி ஊரடங்கில் கோவையில் மாட்டிக்கொண்டான். குழி தோண்டியவர் கைபேசியைத் தூக்கிப் பிடிக்க, அந்தச் சின்னத் திரையில் தகப்பனின் அடக்கத்தைப் பார்த்தான். அன்றும் ஐந்தாவது வரியில் அம்மாள் தன்னையறியாமல் மூச்சை எடுத்தார். முதல் நாலு வரியையும் தானே சொல்லிவிட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அழுகை அங்கேதான் வந்தது.

தொற்று அடங்கியது. அடுத்த வருடத் தொடக்கத்தில் பங்குக்குப் புதுச் சாமியார் வந்தார். ஃபாதர் ஜெரால்டு திண்டுக்கல்காரர், இளவயது, நல்ல மனிதர், யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். அவரிடம் முதல் ஆளாக அந்தோணிராஜ் போனார். கோயில் கமிட்டித் தலைவரும் அந்தோணிராஜ்தான்.

"சாமி, எங்க ஆத்தாவ ஒழுங்கா அடக்கம் பண்ணல."

"ஏன், யாரும் செபம் சொல்லலையா?"

"உபதேசியார் சம்சாரம் சொன்னுச்சு. என்ன இருந்தாலும் பொம்பளைதானே சாமி. மனசு ஒப்பல."

சாமியார் மறுக்கவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். செம்பெடுக்க ஆளில்லை. கணவருக்குப் பின் கோயில் வேலையெல்லாம் பெயரில்லாமல் சம்பளமில்லாமல் அம்மாள்தானே பார்க்கிறார், அவரே எடுத்துக்கொண்டார். தான் மந்திரித்த குழியை மந்திரிக்கத் தானே தண்ணீர் சுமந்துபோனார்.

அந்தோணிராஜின் தாய்க்குப் பக்கத்தில் அவர் தகப்பனாரின் குழி இருந்தது. ஒன்றை முடித்த சாமியார் அடுத்ததைக் காட்டிக் கேட்டார்.

"இதுக்கும் சேத்துச் செஞ்சிரலாமா?"

"வேணாஞ்சாமி. அது எங்கய்யா. அது முறைப்படி மந்திரிச்சது. அன்னைக்கிச் சாமியார் ஊருல இல்ல, உபதேசியாரே நின்னு பண்ணுனாரு."

செபாஸ்தியம்மாள் அந்தக் குழியைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் புடவையில் சிந்தியது.

அவருக்கு அந்த அடக்கம் நன்றாக நினைவிருந்தது. அன்று நாலு வரிக்கு மேல் சொன்னது யார் என்பதும் நினைவிருந்தது. மிக்கேல்ராஜ் குருப்பட்டம் பெற்றவரா? இல்லை. ஆயர், அதாவது பிஷப், கை வைத்து அபிஷேகம் செய்தவரா? இல்லை. அவரும் மனைவியைப் போல வெறும் ஆள்தான். அப்படியானால் இரண்டு குழிகளுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பட்டம் அல்ல. மீசை. தண்ணீர் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆண் கை தெளித்தால் தீர்த்தமாகவும் பெண் கை தெளித்தால் வெறும் தண்ணீராகவும் மாறுவதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் கிடையாது. அந்தப் பாடம் கோயிலுக்குள் மட்டும்தான் நடக்கிறது.

அந்தோணிராஜைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஒவ்வொரு குழியாகத் திருத்தினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கைப் போல அந்த மாதம் முழுவதையும் அழித்து எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாள் செம்பெடுத்தார். மிஞ்சியது ஒன்றே ஒன்று. மிக்கேல்ராஜின் குழி.

அந்தக் கோடையில் பங்கில் ஒரு கூட்டம் போட்டார்கள். ரோமில் கூடப்போகும் ஆயர் மாமன்றத்துக்காக ஊர் ஊராக மக்களிடம் கருத்துக் கேட்ட காலம் அது. மனதில் பட்டதைத் தாராளமாகப் பேசலாம் என்றார் சாமியார். ஒருவர் கழிப்பறை வேண்டுமென்றார். ஒருவர் ஒலிபெருக்கி கரகரக்கிறது என்றார். செபாஸ்தியம்மாள் எழுந்தார்.

"சாமி, பொம்பளைக்கி ஏன் குருப்பட்டம் கெடையாது?"

சாமியார் பொறுமையாகப் பதில் சொன்னார். "யேசு தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரும் ஆண்கள்மா. அதை மாத்துற அதிகாரம் திருச்சபைக்கே இல்லை."

"அந்தப் பன்னெண்டு பேர்ல திண்டுக்கல்காரர் ஒருத்தருமில்லையே சாமி. நீங்க மட்டும் எப்பிடி வந்தீக?"

பின்வரிசையில் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சாமியாரும் சிரித்தார். அந்தோணிராஜ் சிரிக்கவில்லை.

"ஏத்தா, ஒனக்குப் பூசை வைக்கணும்னு ஆசையா? அங்கிய மாட்டிக்கிட்டு நின்னா மாசமானா என்ன பண்ணுவ?"

"எனக்கு அம்பத்தெட்டு வயசாச்சு தம்பி. அந்தக் கவலை ஒனக்கு வேணாம்." அம்மாள் உட்காரவில்லை. "எனக்குப் பூசை வைக்க ஆசையில்ல. யேசுவ அடக்கம் பண்ணுன கல்லறைக்கு விடியக்காலம் யாரு போனது? இந்தப் பன்னெண்டு பேரா? கதவப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருந்தாக. போனது பொம்பளைக. நானும் போனேன், நீ வேலிக்கு வெளிய நின்னே. உங்காத்தாவுக்கு நான் சொன்ன செபம் செல்லுமா செல்லாதா, அத மட்டும் சாமியச் சொல்லச் சொல்லு."

சிரித்த பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேலிடத்துக்கு அனுப்பப்போகும் கருத்துகளை வாசித்தபோது கழிப்பறை இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, அந்தக் கேள்வி இல்லை.

அன்றோடு அவருக்கு ஊரில் "சாமியாரம்மா" என்று பெயர் விழுந்தது. அடுத்த வாரம் கோயில் சாவியைக் கமிட்டி கேட்டு வாங்கிக்கொண்டது. பழைய திண்டுக்கல் பூட்டு அது. எந்தப் பக்கம் அழுத்தினால் திறக்கும் என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். முதல் ஞாயிறு அரைமணி நேரம் போராடிவிட்டு, பூட்டையே உடைத்துப் புதிதாகப் போட்டார்கள். வந்து திறந்து கொடு என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து செபமாலை சொல்லும் பெண்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சாயங்காலமானால் மணியடிக்க எழுந்திருப்பார். சேலையைச் சரிசெய்துகொண்டு வாசல்வரை வந்த பிறகுதான் நினைவு வரும். உள்ளே போய்ச் சோறு வைப்பார். ஒரு ஆளுக்கு அரிசி அளக்கத் தெரியாமல் மிஞ்சும். மறுநாள் அதில்தான் பசியாறுவார். வாய்விட்டுச் செபம் சொன்னால் ஐந்தாவது வரியில் நிறுத்திக்கொள்வார். யாருக்காக நிறுத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது.

பேச்சுத்துணை என்று வந்தது ராமுத்தாய் மட்டும்தான். பக்கத்துக் காட்டில் செண்டுமல்லி போட்டிருப்பவள். பூ பறித்துவிட்டு டவுன் பஸ்ஸுக்குப் போகும் வழியில் செத்த நேரம் நிற்பாள்.

"என்ன மதினி, ஒன்னையச் சாமியாரம்மாங்கிறாக. எனக்கும் நெத்தியில துன்னூறு பூசிவிடேன்."

"எங்க கோயில்ல அது வருசத்துக்கு ஒரு நாளு, சாம்பல் புதனுக்குத்தான்டி."

"அதுவும் ஆம்பளைதான் பூசணுமா?"

"வேற?"

"நல்ல கூத்து. எங்க கோயில்ல மட்டும் என்ன வாழுதாம்? நாங் கட்டுன மாலை சாமி கழுத்து வரைக்கும் போவும். நான் வாசப்படி தாண்டுனா வைவாக." ராமுத்தாய் பூக்கூடையைத் தலைக்கு ஏற்றினாள். "மாலைக்கி இருக்கிற மரியாதை கட்டுனவளுக்கு இல்ல. வாரேன் மதினி, பஸ்ஸு போயிரும்."

அவள் போனபின் வீடு முன்னைவிடப் பெரிதாகிவிடும்.

ஐப்பசியில் ஸ்டான்லி போனில் கூப்பிட்டான். அப்பாவுக்குக் கருப்புக் கல்லில் பெயர் பொறித்து வைத்திருக்கிறானாம். கல்லறைத் திருநாளன்று கல்லை நட்டு, சாமியாரை வைத்து முறைப்படி மந்திரிக்கப் போகிறானாம்.

"கல்லு வையி. மந்திரிக்க வேணாம்."

"ஏம்மா, அப்பாவுக்கு மட்டும் என்ன கொறைச்சல்? எல்லாரும் பண்ணிட்டாக."

"அப்பாவுக்கு ஒரு கொறையும் இல்லடா. நாந்தான் மந்திரிச்சேன். நீயும் போன்ல பாத்துக்கிட்டுத்தான இருந்தே."

"அது அவசரத்துக்கும்மா."

"அவசரத்துக்குச் சொன்னா கடவுளுக்குக் காது கேக்காதா?"

"ஒங்கூடப் பேச முடியாதும்மா. மீட்டிங்ல என்னமோ பேசுனியாமே? எம் மாமனார் வீட்ல கேட்டுச் சிரிக்கிறாக. அப்பா பேரக் கெடுக்காத."

செபாஸ்தியம்மாள் போனை வைத்துவிட்டார். யார் பெயரை யார் கெடுத்தது? கணவருக்குச் சொன்ன கடைசிச் செபத்தை அம்மாளே தன் வாயால் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறான் மகன். ஒப்புக்கொண்டால் சாவி திரும்பும், ஊர் திரும்பும், மகன் திரும்புவான். ஆனால் அந்தக் குழியருகே தனியாக நின்ற நாள் ஒரு பொய்யாகிவிடும். அதைத் தவிர அவரிடம் மிஞ்சியது ஒன்றுமில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரியும் செண்டுமல்லியுமாக இருந்தது. ஸ்டான்லி வந்து கல்லை நட்டிருந்தான். தாயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாமியார் எல்லாக் குழிகளுக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்து, மிக்கேல்ராஜின் கல்லுக்கு முன் நின்றார். கக்கத்திலிருந்த புத்தகத்தை எடுத்தார். ஊர் கூடி நின்றது.

"சாமி," என்றார் செபாஸ்தியம்மாள். "எல்லாருக்கும் தெளிச்ச மாதிரி தெளிச்சுட்டுப் போங்க. புத்தகத்த மட்டும் தொறக்காதீக. இது மந்திரிச்சாச்சு."

"அம்மா, பேசாம இரு," என்றான் ஸ்டான்லி.

"இந்தக் குழியில கெடக்குறவரும் பட்டம் வாங்காதவருதான் சாமி. இந்தத் தோட்டத்துல அவரு மந்திரிச்ச குழி எத்தனையோ இருக்கு. அதுல ஒண்ணையாச்சும் யாராச்சும் திருப்பி மந்திரிக்கச் சொன்னாகளா? சொல்லியிருந்தா இதையும் செய்யுங்க. நானே செம்பு புடிக்கிறேன்."

சாமியார் அந்தோணிராஜைப் பார்த்தார். அந்தோணிராஜ் தன் தகப்பனாரின் குழியைப் பார்த்தார். சாமியாரின் பெருவிரல் புத்தகத்துக்குள் பக்கத்தைப் பிடித்தபடி இருந்தது. பிறகு விரலை எடுத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டார். தீர்த்தத்தைத் தெளித்தார். அடுத்த கல்லுக்கு நகர்ந்தார். அவர் பின்னால் ஊர் நகர்ந்தது. ஊர் பின்னால் ஸ்டான்லியும் நகர்ந்தான்.

வென்றுவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மகன் அன்றே பஸ் ஏறிவிட்டான். சாவி இன்னும் வரவில்லை. செபமாலைக்கு யாரும் வருவதில்லை. சாமியார் வழியில் பார்த்தால் கும்பிடுகிறார், நிற்பதில்லை. உலகம் முழுக்கப் பெரிய மண்டபங்களில் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா கூடாதா என்று தலை நரைத்த ஆண்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆராய வேண்டும், காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அகரத்துப் பக்கம் ஒரு பெண் மட்டும் காத்திருக்காமல் ஒரு குழியைக் காத்துவிட்டு, விலையாக ஊரையே இழந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஆயர்கள் முடிவெடுக்கும்போது எடுக்கட்டும். உங்கள் வீட்டு முடிவு உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் எந்த மதமானாலும், எந்த மதமும் இல்லாதவரானாலும், அடுத்து உங்கள் வீட்டில் ஒரு சாவு விழும்போது கடைசி வார்த்தையைச் சொல்ல ஒரு பெண்ணை முன்னால் நிறுத்துங்கள். அவர் சொல்லி முடித்ததும் மண்ணைப் போட்டு மூடுங்கள். மறுபடி செய்ய யாரையும் கூப்பிடாதீர்கள்.