ஒரு சாண் கோணல்

“கொஞ்சம் காலத் தூக்குங்க.”

சோபாவில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், அடுத்த நொடி இரண்டு கால்களும் அந்தரத்தில் நிற்கும். அதற்குள் கம்பளம் சரேலென்று உள்ளே நுழைந்துவிடும். சோபாவின் முன்னங்கால்கள் கம்பளத்தின் மேல், சரியாக ஒரு சாண் உள்ளே, பின்னங்கால்கள் வெறுந்தரையில். கம்பளம் விரித்தவர் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். “இப்பத்தான் ரூமு ரூமா இருக்கு.”

கம்பளக் கடையில் அவருக்குப் பெயரே ‘ஒரு சாண்’ அண்ணன்தான். கடையில் விற்கும் கம்பளங்களைத் தோளில் சுமந்துபோய் வீடுகளில் விரித்துக் கொடுப்பது இருபத்திரண்டு வருட வேலை. அளவுநாடா கிடையாது. வலது கையை விரித்தால் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை ஒன்பது அங்குலம். முதலாளி மூன்று முறை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, நான்காம் முறை ஸ்கேலைச் சந்தேகித்தார்.

எந்த அறையிலும் முதலில் பழைய செய்தித்தாள்களைத் தரையில் பரப்பி, கம்பளம் இவ்வளவு இடம் பிடிக்கும் என்று காட்டுவார். சுவருக்கும் கம்பளத்துக்கும் நடுவே ஒரு முழமாவது தரை தெரிய வேண்டும். கதவு திறந்தால் உரசக் கூடாது. அடியில் வழுக்காத ரப்பர் வலை கட்டாயம். சிறிய கம்பளத்தை வாங்கி ஹாலின் நடுவில் தனியாகப் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “யாரோ கைக்குட்டயத் தவறவிட்டுட்டுப் போன மாதிரி இருக்கு” என்பார், வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே. அந்த அதிர்ச்சியிலேயே பெரிய கம்பளம் வாங்கியவர்கள் உண்டு.

கடைக்கு வெளியிலும் கை சும்மா இருப்பதில்லை. ஒருமுறை பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், கன்னம் வீங்கிய ஏழு பேரை வரிசையாகக் காலைத் தூக்க வைத்துவிட்டார். “பல்லப் பிடுங்கிக்கப் போன மனுஷன் கார்பெட்டப் பிடுங்கிட்டு நிக்கிறாரு” என்று அவர் மனைவி இன்றும் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

இப்படிப்பட்டவருக்குச் சென்ற மாதம் ஒரு வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்னும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் மாடி. கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லி ஓய்வுபெற்றவர். ‘உட்காருங்க’ என்று சொன்னாலே வண்டி நடைமேடைக்கு வருவது போலிருக்கும். மனைவிக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஹாலில் கிடந்த பழைய கம்பளம் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. அதைவிட, அது கிடந்த கோலம்தான் நம்மவர் கண்ணை உறுத்தியது. ஒரு முனை சமையலறை வாசலை நோக்கி, மறுமுனை அந்த அம்மாவின் பிரம்பு நாற்காலியை நோக்கி, அறைக்குக் குறுக்கே கோணிக்கொண்டு கிடந்தது.

“பழசு எப்படிக் கெடந்துச்சோ அப்படியே போட்டுடுங்க தம்பி. கோணலாத்தான் தெரியும். தெரிஞ்சாத் தெரியட்டும்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா டீ போட உள்ளே போனார்.

அந்தக் கோணலை நம்பித்தான் ஒரு வருடமாக அவர் அந்த வீட்டை நடத்திக்கொண்டிருந்தார் என்பது கட்டிய கணவருக்கே தெரியாது. இரண்டு கண்ணிலும் நடுவில் புகை படிந்து, ஓரம் மட்டும்தான் மங்கலாகத் தெரிந்தது. சமையலறை வாசலில் கால் தடவினால் கம்பளத்தின் முனை கிடைக்கும். இடது பாதம் கம்பளத்தில், வலது பாதம் தரையில். அப்படியே ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பது எட்டு வைப்பார். மறுமுனை வந்ததும் இடப்பக்கம் மேசை, வலப்பக்கம் நாற்காலி. ஒரு துளி சிந்தாமல் டீ கொண்டுவந்து வைத்துவிடுவார். விஷயம் தெரிந்தால் அடுப்பைத் தொட விடமாட்டார்கள். மகள் வந்து கையோடு அழைத்துப்போய் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவாள். அந்தப் பயத்தில்தான் ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை.

இது எதுவும் தெரியாமல் நம்மவர் பழைய கம்பளத்தைச் சுருட்டினார். அது கிடந்த இடம் தரையில் கோணலாக வெளிறியிருந்தது. அதைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு கணவரிடம் குரலைத் தாழ்த்தி, “அம்மா ஏதோ ஆசைப்படுறாங்க. ஆனா இருவத்திரெண்டு வருஷத்துல கோணலா ஒண்ணுகூடப் போட்டதில்ல சார். நேராப் போட்டுர்றேன். வந்து பாத்தா அவங்களே சரின்னுடுவாங்க” என்றார்.

கணவரும் தலையாட்டினார். கத்துவாள், கத்தட்டும் என்றார். நம்மவர் அவரைக் காலைத் தூக்கச் சொல்லி, சோபாவுக்கு அடியில் ஒரு சாண் தள்ளி, மேசையை நடுவுக்கு இழுத்து, பிரம்பு நாற்காலியை இரண்டு சாண் உள்ளே நகர்த்தி, எழுந்து நின்று ஒற்றைக் கண்ணை மூடினார். படம் போல இருந்தது அறை.

அந்த அம்மா தட்டில் மூன்று சிவப்புக் கோப்பைகளோடு வந்தார். வாசலில் ஒரு கணம் தயங்கினார். புதுக் கம்பளம்தானே என்று நினைத்திருக்க வேண்டும். கால் ஓரத்தைக் கண்டுபிடித்ததும் முகம் தெளிந்து நடந்தார். ஓரம் இப்போது நேராகச் சன்னல் பக்கம் போனது. அவரும் போனார். ஒன்பதாவது எட்டில் நின்று, இடப்பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு, மேசையே இல்லாத இடத்தில் தட்டை வைத்தார்.

கம்பளம் நல்ல தடிமன். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. சூடான டீ அவர் காலில் கொட்டியது. சட்டென்று குனிந்து, கையால் தடவித் தேடினார். வெளிர் நிறக் கம்பளத்தில் மூன்று சிவப்புக் கோப்பைகளும் பளிச்சென்று கிடக்க, அவர் கை வேறொரு பக்கம் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்களும் அந்தக் கையையே பார்த்தார்கள். உதவ வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

கணவர்தான் முதலில் எழுந்தார். மெல்லக் கீழே உட்கார்ந்து, மனைவியின் கையை எடுத்து ஒரு கோப்பையின் மேல் வைத்தார்.

“எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷம். டாக்டர்கிட்டக் காட்டியாச்சு. திரும்பாதாம்.” பிறகு, தரையைப் பார்த்தபடியே, “இனி அடுப்புக்கிட்ட விடமாட்டீங்கல்ல?” என்று கேட்டார்.

கணவருக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாகத் தினமும் காலையில் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறாள். ‘உங்க குரல்ல கேட்டாத்தான் மனசுல நிக்குது’ என்பாள். ஓய்வுபெற்ற குரலுக்கு ஒரு ரசிகை இருக்கிறாள் என்ற பூரிப்பில், விளம்பரங்களைக்கூட விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்போ பேப்பர் படிக்கச் சொன்னது…”

“அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் அந்த அம்மா.

நம்மவர் எப்படிப் படியிறங்கினார் என்பது அவருக்கு நினைவில்லை. ரப்பர் வலையின் மிச்சத் துண்டைக் கையில் பிடித்தபடி கடைவரை நடந்தே போயிருக்கிறார். முதலாளி கேட்டதற்கு, “கண்ணு இருக்கிறவன் நாந்தான்னு நெனச்சிட்டேன்” என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே அந்த மூன்றாம் மாடிக்குப் போனார். கணவர் கதவைத் திறந்தார். விரலில் துணிச் சுற்று. உள்ளிருந்து தீய்ந்த வாடை. காலையில் டீ போட்டது அவர்தானாம். “ரெண்டு பாத்திரம் போயிடுச்சு. அவள அடுப்புக்கிட்ட விடலன்னா ரெண்டு பேரும் பட்டினிதான். எடுத்த எடத்துலயே எல்லாத்தையும் வச்சுடுங்க” என்றார், பெரிய நிலையத்துக் குரலில். நாற்காலியில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அந்த அறிவிப்பு.

மேசையும் நாற்காலியும் பழைய இடத்துக்குப் போயின. கம்பளத்தைப் புரட்டியதும் தரையில் அந்த வெளிறிய தடம் தெரிந்தது. அதை வைத்தே போட்டிருக்கலாம். நம்மவர் அதை நம்பவில்லை. புதுக் கம்பளம் தடிமன். கால் வேறு மாதிரி விழும். கணவரை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திச் செய்தித்தாளைப் படிக்கச் சொன்னார். அந்த அம்மாவைச் சமையலறை வாசலில் கொண்டுபோய் விட்டு, குரல் வரும் பக்கம் நடந்து வரச் சொன்னார்.

கணவர் வானிலையைப் படிக்கத் தொடங்கினார். அந்த அம்மா வெறுந்தரையில் ஒரு எட்டு வைத்தார். இன்னொன்று. அவருக்கு முன்னால் மண்டியிட்டு, கம்பளத்தின் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்தபடி நம்மவர் பின்னோக்கி நகர்ந்தார். மூன்றாவது எட்டில் பாதம் தடுமாறி மேலெழப் பார்த்தது.

“காலத் தூக்காதீங்கம்மா. வச்ச எடத்துலயே வைங்க.”

சொல்லிவிட்டு, அறையைப் பார்க்காமல், அந்தப் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, கம்பளத்தை ஒரு சாண் கோணலாக இழுத்து அதையொட்டிக் கொண்டுவந்து வைத்தார்.