தீ படாத கரடு

ஒவ்வொரு பங்குனியிலும் என் மாமனார் தோட்டத்து வேலியோரம் நின்று எதிரே இருந்த கரட்டைத் திட்டுவார். வாளையார் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டத்தை ஒட்டிக் கிடந்த புதர்க்காடு அது. முன்பெல்லாம் கோடைதோறும் அதைக் கொளுத்துவது ஊர் வழக்கம். எழுபதுகளில் நான் வாக்கப்பட்டு வருவதற்கு வெகு முன்பே பாரஸ்ட்காரர்கள் அதைத் தடுத்துவிட்டார்கள். கொளுத்தினால்தான் மழைக்குத் துளிர்க்கும் என்பதில் மாமனார் ஒரே பிடியாக இருந்தார். "கரடு கெழடு தட்டிப் போச்சு அம்மிணி. இனி ஒண்ணும் மொளைக்காது. ஆடுகளை வேலந்தாவளம் சந்தைக்கு ஓட்டிர வேண்டியதுதான்" என்பார். அந்த ஆடுகள் என் அம்மா வீட்டுச் சீர். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அவை மட்டும்தான்.

அவர் வேலியைத் தாண்டியதே இல்லை. தினமும் ஆட்டோடு கரட்டுக்குள் போனவள் நான். பட்டுப்போனது என்று அவர் சொன்ன களாச் செடியின் தூரில் சிவப்பாகத் துளிர் விட்டிருந்தது. வயசான விராலிப் புதருக்கு அடியில் சருகை விலக்கினால் ஈரம். அந்த ஈரத்தில், குருவி எச்சத்தில் விழுந்த சூரையும் களாவும் விரலளவு கன்றுகளாக நின்றன. தீ வைத்திருந்தால் அந்த நிழலும் இல்லை, சருகும் இல்லை. இதைச் சொன்னால் காதில் வாங்கினால்தானே! ஒரு வருஷம் நிஜமாகவே ஆடுகளை ஓட்டக் கயிறு எடுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க மாமா, ஒரு நடை வந்து கண்ணால பாருங்க. அப்பறம் வித்துக்குங்க" என்று வழியை மறித்தேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒரு புதரடியில் குந்திச் சருகை விலக்கியவர், அடுத்த புதருக்குப் போனார். பிறகு அதற்கடுத்தது. வெயில் ஏறும்வரை கரட்டை விட்டு நகரவில்லை. "அட, தீயே இல்லாம தன்னால பொழைச்சுக்குதே!" என்று அவர் முகம் மலர்ந்தபோது, அப்பாடா, ஆடுகள் தப்பின என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் வெள்ளாடு ஒன்று அவர் பக்கத்திலேயே ஒரு களாக் கன்றை வேரோடு பிடுங்கி மென்றது. துண்டை வீசி விரட்டினார். "கன்னுச் செடிக தழைக்கோணும்னா இதுகளை இங்க உடலாமா அம்மிணி?"

அந்த வாரச் சந்தையிலேயே ஆடுகள் போயின. முளைக்காது என்றாலும் சந்தை, முளைக்கிறது என்றாலும் சந்தை! இன்று அந்தக் கரட்டில் ஆள் நுழைய முடியாது, அப்படி அடர்ந்து கிடக்கிறது. "எம் மருமவதான் கண்டுபுடிச்சா" என்று கடைசிவரை ஊரெல்லாம் பெருமை பேசினார். அந்தப் பெருமையில் நான் பால் கறக்கவா?