கழுவாத கார்

போன சனிக்கிழமை மத்தியானம் மொன்றியலில், வில்லரேயில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. என்ன நிறம்? சத்தியமாகத் தெரியவில்லை. நியூ ஜெர்சியிலிருந்து இங்கே வரைக்கும் பனி உருகுவதற்காக ரோட்டில் கொட்டியிருந்த உப்பில் பாதி அதன் மேல்தான் இருந்தது.

உள்ளேயிருந்து என் தங்கை சுகந்தி இறங்கினாள். அவள் மகள் இறங்கினாள். பிறகு, டிரைவர் சீட்டிலிருந்து... அவள் கணவர் பாலன்!

பாலனின் கதையைச் சொல்லாவிட்டால் அந்த அழுக்கின் அருமை உங்களுக்குப் புரியாது.

பாலன் பல வருஷங்களுக்கு முன் விசா, பேப்பர் எதுவும் இல்லாமல் அமெரிக்காவுக்குள் போனவர். அங்கே சிட்டிசனாக இருந்த சுகந்தியைக் கல்யாணம் கட்டினார். மனைவி சிட்டிசன் என்றால் கணவனுக்கும் பேப்பர் கிடைக்கும்தானே? கிடைக்கும். ஆனால் கொழும்புக்குப் போய் அங்கிருந்துதான் விசா கேட்க வேண்டும். அமெரிக்காவை விட்டு வெளியே காலை வைத்தாலோ, பேப்பர் இல்லாமல் இருந்ததற்காகப் பத்து வருஷம் திரும்பி வர முடியாது. எப்படி இருக்கிறது சட்டம்?

தப்ப ஒரே வழி, 'வேய்வர்' என்கிற விலக்கு. கணவன் இல்லாமல் தாங்க முடியாத கஷ்டம் என்று சிட்டிசன் மனைவி நிரூபிக்க வேண்டும். பாலன் கொழும்புக்குப் போய், எதிர்பார்த்தபடியே விசா மறுக்கப்பட்டு, அந்த விலக்குக்காக வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துக் காத்திருந்தார். சுகந்தி தன் கஷ்டத்தை நிரூபிக்க வேண்டும்.

கஷ்டத்தை... அதுவும் எங்கள் ஆட்கள்!

பஸ்ஸைத் தவறவிட்டு மைனஸ் குளிரில் விறைத்து நிற்கும்போது யாராவது பிரெஞ்சில் 'சா வா?', சுகமா, என்று கேட்டால்கூட, 'சா வா', சுகம்தான், என்று சிரிக்கிறவர்கள் நாங்கள். எங்களுக்கு ஏது கஷ்டம்?

முந்தின வருஷம் கிறிஸ்மஸ் லீவுக்கு சுகந்தி மகளோடு இங்கே வந்திருந்தபோது வக்கீல் போன் பண்ணினார். சென்னைக்காரப் பெண்மணி. குசினி மேசையில் ஸ்பீக்கரைப் போட்டோம்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் யார் கூட்டி வருவது என்று கேட்டார். பக்கத்து வீட்டில் நல்ல சனம் என்றாள் சுகந்தி. வாசலில் பனி வழிப்பது? அவளேதான். வேலை? இரண்டு வேலை, சமாளிக்கிறாளாம். என் கணவர் சும்மா இருப்பாரா? சுகந்தி சரியான கெட்டிக்காரி என்று பின்னாலிருந்து சேர்த்தார். தனியாகவே காரை ஓட்டி வந்தாள் என்று நானும் என் பங்குக்குப் பெருமையடித்தேன்.

வக்கீல் குறுக்கிட்டார்.

"மேடம், இதையெல்லாம் எழுதினா, 'இந்தம்மா நல்லாத்தானே இருக்காங்க, அவர் அங்கேயே இருக்கட்டும்'னு முடிச்சிடுவாங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சுகந்தி கார்ச் சாவியை எடுத்து விரலில் சுற்றினாள். அந்தச் சாவியை வைத்துத்தான் அந்த லீவு முழுக்க அவளைக் கேலி செய்துகொண்டிருந்தோம். வந்த மறுநாள் காரைக் கழுவப் போனாள். அடுத்த நாளும் போனாள். வெளியே பனியும் உப்பும். கழுவி என்ன பிரயோசனம்? கார் மட்டும் கல்யாணக் கார் மாதிரி மினுங்கியது.

"நான் ஏன் ஒவ்வொரு நாளும் கார் கழுவப் போறன் தெரியுமோ?" என்றாள் சுகந்தி. "வீட்டிலை அழுதால் பிள்ளை பயப்பிடும். வேலையிலை அழ ஏலாது. கார் வாஷுக்குள்ளை போனால் நுரை வந்து கண்ணாடியை மூடும். ஒருத்தருக்கும் தெரியாது. கழுவி முடிய முன்னம் அழுது முடிச்சிடுவன்."

என் கணவர் எழுந்து ஜன்னலடிக்குப் போனார். எத்தனை தரம் சிரித்திருக்கிறோம்!

"இதை எழுதுங்க மேடம்," என்றார் வக்கீல். குரல் மாறியிருந்தது. "இதைத்தான் எழுதணும்."

எழுதினாள். இரண்டு வேலையில் ஒன்றை விட வேண்டி வந்ததையும், மகள் பள்ளிக்கூடத்தில் பேசாமல் போனதையும், எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்த எல்லாவற்றையும் எழுதினாள். டாக்டரிடமும் முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு விலக்கு கிடைத்தது, பாலனுக்கு விசாவும் கிடைத்தது.

இனி என்ன? சனிக்கிழமை சாப்பாடு முடிந்தது. பாலன் மூன்றாம் தரம் கணவாய்க்கறி போட்டுக்கொண்டார். மகள் அப்பாவின் மடியை விட்டு இறங்கவில்லை. என் கணவருக்கு அந்தக் காரைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சாவியைத் தா, ஒரு நடை கழுவிக்கொண்டு வருகிறேன் என்றார்.

சுகந்தி சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தாள்.

"வேண்டாம் அத்தான். அது அப்படியே கிடக்கட்டும்."