எலிகள் இல்லை என்று நான் பேசிய மாலை

மேடைப் பேச்சில் என்னை வெல்ல ஆளில்லை என்ற செருக்கு அன்று எனக்கு இருந்தது. இன்றும் அது முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கோயமுத்தூரில் படித்த காலத்தில் சொற்போர் எதிலும் நான் தோற்றதில்லை. அந்தப் பெயரைக் கேட்டே, பொள்ளாச்சிச் சாலையிலுள்ள ஓர் ஊரின் வியாபாரிகள் சங்கத்தார் என்னைத் தங்கள் பிரசாரகனாக அமர்த்தினார்கள்.

அவ்வாண்டு அங்கே பிளேக் கண்டிருந்தது. கடைவீதிக் கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்ததால், ஜனங்கள் வீடுகளைப் பூட்டிவிட்டுத் தோட்டங்களில் ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். சந்தை நின்றுபோயிற்று. அவர்களைத் திரும்ப அழைத்து வருவது என் வேலை. கடைவீதி சுத்தமாகிவிட்டது, எலிச் சாவு நின்றுவிட்டது என்று எழுதிய தாள் ஒன்றைச் சங்கத்துக் காரியதரிசி கொடுத்தார். பார்த்து எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை. எந்தச் சொல்லில் குரலை உயர்த்துவது என்று மட்டுமே யோசித்தேன்.

தென்னந்தோப்பில் கூட்டம் நடந்தது. நான் பேசி முடித்ததும், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் எழுந்தார். அவர் வீடு கடைவீதிப் பருத்திக் கிடங்கின் பின்சுவரை ஒட்டியிருந்தது.

“ஏனுங்க, அந்தக் கெடங்குக்குள்ளார நீங்க போய்ப் பாத்தீங்களா?”

இல்லை என்பதே உண்மையான விடை. ஆனால் கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவரை மடக்குவதே நான் பயின்ற வித்தை.

“வெயில் சுடுகிறது என்று சொல்லச் சூரியனுக்குள் போய்வர வேண்டுமா, ஐயா?”

தோப்பே சிரித்தது. “ஊட்டுக்காரி கேட்டுட்டு வரச் சொன்னாளாக்கு?” என்று பின்னாலிருந்து ஒருவர் சீண்டினார். மீண்டும் சிரிப்பு. தொழிலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் வென்றுவிட்டேன்.

மறுநாளே பல குடும்பங்கள் ஊர் திரும்பின; அந்தத் தொழிலாளியும் மனைவியோடு திரும்பினார். பத்து நாளுக்குள் அவருடைய மனைவி, அக்குளில் கட்டி கண்டு இறந்துபோனார்.

காரியதரிசி எனக்கு ஆள் அனுப்பினார். அந்தச் சாவுக்குக் காரணம் வெறும் காய்ச்சல்தான் என்று இன்னொரு கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். அன்றுதான் அவரிடம் போய் முதல் முறையாகக் கேட்டேன்: “அந்தத் தாளில் இருந்ததை யார் பார்த்து எழுதியது?”

“பாக்கறதுக்கு என்னங்க தம்பி, கெடங்கு பூட்டித்தான கெடந்துச்சு. ஆரு உள்ள போவா?”

சாவியை வாங்கிக்கொண்டு நான் போனேன். முதல் வரிசைப் பொதியை நகர்த்தியதுமே செத்த எலிகளின் நாற்றம் அடித்தது. மேற்கொண்டு நகர்த்தத் தேவையிருக்கவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்து, பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்தத் தொழிலாளியைத் தேடிப் போனேன். அவர் மறுபடியும் தோட்டத்துக் கொட்டகைக்கே வந்திருந்தார்.

என் பேச்சை நம்பி ஊர் திரும்பியதால்தானே இப்படி ஆயிற்று என்று தொடங்கினேன். அவர் என்னை நிறுத்தினார்.

“நீங்க சொன்னத நானும் நம்புலீங்க, அவளும் நம்புலீங்க. அத்தன பேரும் சிரிச்சுப்போட்டாங்க. அதுக்கப்பறமும் பயந்துக்கிட்டு இங்கயே எப்படிங்க இருக்கறது? நாந்தான் வா போலாம்னு கூட்டிட்டுப் போனேன்.”

உட்காரச் சொல்லி ஓலைத் தடுக்கை எடுத்துப் போட்டார். உட்கார எனக்குக் கூசியது. நின்றுகொண்டே இருந்தேன்.