கமராவில் விழாத பாதை

நீங்கள் இருக்கிற வீட்டு முற்றத்தில், பட்டப்பகலில், சுவரோடு ஒட்டி ஒளித்து நடந்திருக்கிறீர்களா?

நான் நடந்திருக்கிறேன். ஒரு கையில் துவாய், மற்றக் கையில் சவர்க்காரப் பெட்டி. போவது குளிக்கத்தான், ஆனால் கால் மட்டும் கள்ளக் கால். அம்மாவும் அப்படித்தான் நடந்தார். இதில் பகிடி என்னவென்றால், நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல்கூடக் கதைத்ததில்லை.

வீடு மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கனடாவில் இருக்கிறார். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு ஒழுங்கைக் கடைசியில் பெரிய மாடி வீட்டைக் கட்டிவிட்டு அங்கே குளிரில் நிற்கிறார். நாங்கள் இங்கே அவருடைய பளிங்குத் தரையில் வழுக்கி விழாமல் நடந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம். அப்பா நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே செத்துப்போனார். ஆக அம்மா, நான், ஒரு நாய். நான் கம்பஸில் அரசறிவியல், கடைசி வருஷம்.

போன வருஷம் பக்கத்து வீட்டுக்கு வாள்வெட்டுக் கோஷ்டி வந்தது. முகத்தைத் துணியால் கட்டின பெடியள், மோட்டார் சைக்கிள்களில். கேற்றைக் கொத்தி, யன்னல் எல்லாம் உடைத்து, உள்ளே நின்ற ஸ்கூட்டரை எரித்துவிட்டுப் போனார்கள். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். வீடு மாறி! அதைக் கேட்ட நாளில் இருந்து அம்மாவுக்கு நித்திரை போய்விட்டது. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிடுவார்.

மாமா உடனே ஆள் பிடித்து நாலு கமரா பூட்டுவித்தார். கேற்றில் ஒன்று, விறாந்தையில் ஒன்று, பக்கத்தில் ஒன்று, சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஒன்று. நாலுக்கும் மைக், நாலுக்கும் ஸ்பீக்கர். விறாந்தைக் கமரா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். "கிணத்தடிப் பக்கம் வேண்டாம், பொம்பிளையள் குளிக்கிற இடம்" என்று மாமாவே சொன்னதாகப் பூட்ட வந்த பெடியன் சொன்னான். நல்ல மனுஷன்தான். அதிலே எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

முதல் நாள் பின்னேரம் சுவர் கதைத்தது.

"அக்கா, கேற்றுக் கொளுக்கி போடேல்லை."

அம்மா கையில் இருந்த சுளகைப் போட்டுவிட்டார். பிறகு சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. "தம்பி, நீ உதுக்குள்ளையே இருக்கிறாய்!" என்று கமராவுக்குக் கிட்டப் போய் எம்பிப் பார்த்தார். அன்றைக்கு இரவு அம்மா நித்திரை கொண்டார். குறட்டை எனக்குக் கேட்டது.

அதனால்தான் என்னால் சரியாகச் சண்டை பிடிக்க முடியவில்லை. பிடிக்காமலும் இல்லை.

"எணேய் அம்மா, ஒரு மனுசருக்குத் தனிமை எண்டு ஒண்டு இருக்கெல்லே?"

"தனிமையோ? அது எனக்குக் கனக்கக் கிடக்கு. வேணுமெண்டா நீ கொஞ்சம் எடு."

"நான் சொல்லுறது சுதந்திரம்."

"ஓமோம். வாளோடை வாறவனுக்கு உன்ரை சுதந்திரத்தை எடுத்துக் காட்டு. பயந்து ஓடுவான்."

வகுப்பில் இந்தக் கேள்வி எப்போதும் ஒரு தராசு மாதிரித்தான் வரும். பாதுகாப்புக்காக எவ்வளவு சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கலாம், ஆராய்க. நானும் ஆராய்ந்து ஆராய்ந்து நல்ல புள்ளி எடுத்திருக்கிறேன். உயிருக்குப் பயந்த சனம் தன் உரிமைகளைக் கட்டி அரசனிடம் ஒப்படைக்கும் கதையை நித்திரையில் கேட்டாலும் ஒப்புவிப்பேன். ஆனால் வீட்டில் "எவ்வளவு" என்று ஒருவரும் கேட்பதில்லை. விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்த பிறகுதான் தெரியவரும்.

உதாரணத்துக்கு அம்மாவின் தலைமயிர். முழுகினால் முற்றத்தில் கதிரை போட்டு வெயிலுக்குக் காயவிடுவார். ஒரு நாள் சுவர், "அக்கா, உதென்ன கோலம், ஒழுங்கையாலை போறவன் பாக்க" என்றது. அம்மா சிரித்தார். அடுத்த கிழமை கதிரை உள்ளே வந்துவிட்டது. பிறகு நைற்றியோடு வெளியே போவது நின்றது. பிறகு பக்கத்து வீட்டு அன்ரியோடு மதிலால் ஊர்ப் புதினம் கதைப்பது நின்றது. மாமா எதையும் தடுக்கவில்லை. "ஆர் அக்கா அது?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு நாள் மத்தியானம் நான் விறாந்தையில் இருந்து அசைன்மென்ற் அடித்துக்கொண்டிருந்தேன். காகம்கூடக் கத்தாத வெயில். ஒழுங்கையில் ஒரு சனம் இல்லை. மேலே "ர்ர்ர்" என்று சின்னச் சத்தம். கமரா திரும்புகிறது. என்னில் நின்றது. நான் எழும்பித் தூண் பக்கம் போனேன். அதுவும் வந்தது. திரும்பக் கதிரைக்கு வந்தேன். அதுவும் வந்தது.

"மாமா?" என்றேன்.

ஸ்பீக்கர் திறந்திருந்தால் ஒரு இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சல் மட்டும் கேட்டது. அதற்குள் ஆரோ மூச்சு விடுகிறது போல இருந்தது. அல்லது அது அந்தப் பக்கம் ஓடுகிற ஃபானோ என்னவோ.

பின்னேரம் மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"மத்தியானமோ? விசரே பிள்ளை, உங்கை மத்தியானம் எண்டா இஞ்சை சாமம். நான் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தனான்."

"அப்ப ஆர் பாத்தது?"

"எங்கடை ஆக்கள்தான். பாஸ்வேர்ட்டைக் குடும்பக் குறூப்பிலை போட்டனான் எல்லே. லண்டன், சுவிஸ், நோர்வே எல்லாரும் பாக்கலாம். கனக்கக் கண் இருந்தாத் துணைதானே."

"எத்தினை பேர் மாமா அந்தக் குறூப்பிலை?"

"ஆர் எண்ணினது? கலியாணம் கட்டி வந்ததுகள், விட்டுட்டுப் போனதுகள், எல்லாம் கிடக்குதுகள்."

எங்களுடைய ஆட்கள் மட்டும்தான் செய்யக்கூடிய வேலை இது. வாள்காரனுக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டு, திறப்பைச் சொந்தக்காரர் முழுப்பேருக்கும் எறிவது. பாஸ்வேர்ட்டை மாற்றச் சொல்லிக் கத்தினேன். "ஓம் ஓம், சனிக்கிழமை பாப்பம்" என்றார். எத்தனையோ சனிக்கிழமை போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாள் தண்ணித் தாங்கி நிரம்பிவிட்டதா என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினேன். அம்மா காலையில் கூட்டின மணல் முற்றம் கீழே கிடந்தது. விளக்குமாற்றுக் கீறல்கள் வடிவாக, குலையாமல். அதில் ஒரு காலடிகூட இல்லை. நாங்கள் இரண்டு பேரும் காலையில் இருந்து எத்தனையோ தரம் கிணற்றடிக்குப் போய் வந்திருக்கிறோம்! எட்டிப் பார்த்தபோது கண்டேன். குசினிக் கதவில் இருந்து வீட்டின் மேற்குச் சுவரடியோடு ஒட்டி, ஒரு ஆள் அகலத்துக்கு, மணல் அமர்ந்து இறுகி ஒரு பாதை. கிணற்றடி வரை. கமராக்கள் உயரத்தில் இருப்பதால் அந்தச் சுவரடி மட்டும் ஒன்றிலும் விழாது. நேரே போனால் கிணறு கிட்ட. நாங்கள் சுற்றிப் போயிருக்கிறோம். மாதக்கணக்காக. அம்மாவின் காலும் என் காலும் ஒன்றின்மேல் ஒன்றாக.

இவ்வளவு பெரிய வளவில் எங்களுக்கு மிச்சமிருந்தது அந்தச் சுவரடியும் கிணற்றடியும்தான். அம்மா அங்கேதான் தலையை விரித்துக் காயவிட்டார். அங்கேதான் துவைக்கிற கல்லில் இருந்து தனக்குள் ஏதோ பாட்டு முணுமுணுப்பார். நான் அங்கே நின்றுதான் போன் கதைப்பேன், ஆரோடு என்று கேட்காதீர்கள்.

போன கிழமை காலை. அம்மா விளக்குமாற்றோடு குசினிக் கதவடியில் அப்படியே நின்றார். நான் தேத்தண்ணியோடு பின்னால் போய் அவர் தோளுக்கு மேலால் பார்த்தேன்.

எங்கள் பாதையில் வேறு கால். வெறுங்கால். பெரியது. பின்வேலியில் இருந்து கிணற்றடிக்கு வந்து, அங்கே இருந்து சுவரோடு ஒட்டிக் குசினி யன்னல் வரை வந்திருக்கிறது. யன்னலடியில் மணல் நன்றாக மிதிபட்டிருந்தது. கனநேரம் நின்றிருக்க வேண்டும். பிறகு வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது. ஒரு அடிகூட விலகவில்லை. நாங்கள் எங்கே திரும்புவோமோ அங்கேயே திரும்பியிருக்கிறது.

ஓடிப்போய்க் கமராப் பதிவைப் போட்டேன். நாலிலும் ஒன்றும் இல்லை. குசினிக் கமராவில் மட்டும், முற்றத்தின் நடுவில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்குகிறது. இருட்டுப் பதிவில் அதன் கண் இரண்டும் வெள்ளையாக எரிகிறது. அது சுவரடியைப் பார்க்கிறது. தலை மெல்ல மெல்லத் திரும்புகிறது, கிணற்றுப் பக்கம் இருந்து யன்னல் வரை. குரைக்கவில்லை. வாலை இரண்டு தரம் மணலில் அடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

அது ஆர், மத்தியானத்தில் என்னைப் பார்த்த ஆளும் அதுவும் ஒன்றா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

நான் திரும்பி வரும்போது அம்மா அடிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவசரமாக.

"அம்மா, என்ன செய்யிறியள்! மாமாட்டைச் சொல்லோணும். கிணத்தடிக்கும் ஒரு கமரா போடோணும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஆரடி கதைக்கிறது? சுதந்திரக்காரியோ?"

"பகிடி விடாதேங்கோ. ஒருத்தன் யன்னலடியிலை நிண்டிருக்கிறான்!"

"நிண்டவன் போயிட்டான். கமராப் பூட்டினா அவன் நிண்டது இல்லையெண்டு ஆகுமே?" என்று அடுத்த அடியையும் கூட்டினார். "எனக்குப் பயமில்லை எண்டு நினைக்காதை பிள்ளை. ஆனா இந்தக் கிணத்தடியும் போனா நான் எங்கை போய் இருக்கிறது? கக்கூசுக்குள்ளையோ?"

"உயிர் பெரிசெல்லே?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். உயிரோடை இருந்து என்ன செய்யிறதுக்கு?"

அப்போது தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது.

"அக்கா, ஆரக்கா யன்னலடியிலை நிண்டது?"

மாமாதான். இந்தத் தரம் மாமாதான், அவருடைய குரல்தான். ஆனாலும் நான் சுவரோடு ஒட்டிவிட்டேன். அம்மா கமராவைப் பார்க்காமலே, ஒரு குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

"ஒருத்தருமில்லை தம்பி. பூனை. நாளைக்கு வேலை எல்லே, நீ போய்ப் படு ராசா."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். நல்லாகவே சொன்னார்.

"பூனை எண்டாலும் எதுக்கும் அந்தப் பக்கமும் ஒண்டு போடுவம் அக்கா" என்றது சுவர்.

கமராப் பெடியன் முந்தநாள் வந்தான். அம்மா கேற்றைத் திறக்கவில்லை. அவன் கேற்றுக்கு மேலால் புதுக் கமராப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, "நாலு ஆணிதான் அக்கா, நீங்களே பூட்டலாம்" என்றான். நேற்று முழுக்க மாமா என் போனுக்கு அடித்தார். நான் எடுக்கவில்லை. பூட்டினால் அம்மாவுக்கு இருக்க இடமில்லை. பூட்டாமல் விட்டு யன்னலடியில் நின்றவன் திரும்ப வந்தால், அதை நான் ஆருக்கு என்ன சொல்லி விளங்கப்படுத்துவது?

அம்மா இப்போது கிணற்றடியில் குளிக்கிறார். நான் அவருக்கு முதுகைக் காட்டி, பின்வேலியைப் பார்த்தபடி துவைக்கிற கல்லில் குந்தி இதைப் போனில் அடிக்கிறேன். பெட்டி குசினி மேசையில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.