தேர் வீதி அறைக்கு இரண்டு பேர் போட்டி

போன வருடம் ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் ஒரு லாட்ஜ் அறைக்கு ஏலம் கேட்டுக்கொண்டிருந்தேன். காலி அறைகளைக் குறைந்த வாடகையில் ஆரம்பித்து ஏலம் விடும் இணையதளங்கள் எனக்கு அத்துப்படி. குடும்பத்தோடு எங்கே போனாலும் அறை பிடிப்பது நான்தான். எப்போது ஏற்ற வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பது கைவந்த கலை.

இந்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர். மூட்டு ஆபரேஷன் செய்திருந்த என் மாமியாரால் தேர்க் கூட்டத்தில் நிற்க முடியாது. புதிதாகத் திறந்த லாட்ஜில், தேர் போகும் வீதியைப் பார்த்த மாடி அறை ஒன்று ஏலத்துக்கு வந்திருந்தது. எதிரே ஒருவர் மட்டும் விடவே இல்லை. நான் ஏற்ற ஏற்ற அவரும் ஏற்றினார். கடைசி நேரத்தில் ஒரே தூக்காகத் தூக்கிக் கேட்டு அறையைப் பிடித்துவிட்டேன். வீட்டில் ஒரே பாராட்டு.

மறுநாள் காலை அந்த லாட்ஜுக்குப் போனால், சேத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் மேனேஜரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "ரூம் வேண்டாம் சார், வராண்டாவுல செத்த நேரம் இடம் குடுங்க." பக்கத்து நாற்காலியில் அவருடைய அப்பா. பட்டாளத்தில் இருந்தவராம். வாதம் வந்து ஒரு பக்கக் கையும் காலும் விளங்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் தாங்கமாட்டாமல் சொன்னார்: "எங்கப்பா வருசா வருசம் வடம் புடிச்சவியக்கா. மாடியில இருந்தாச்சும் பாக்கட்டும்னு நேத்து ஏலம் கேட்டேன். யாரோ விடவே மாட்டேன்னுட்டாவ."

"அது நான்தாம்மா" என்றேன். ஒரு நொடி முறைத்தவர், பிறகு சிரித்துவிட்டார். "எம்புட்டு வேகம்க்கா ஒங்களுக்கு!"

"ரூம் பெருசுதான், வாங்க" என்றேன். நானும் என் கணவரும் அந்தப் பெண்ணுமாகப் பெரியவரை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். என் மாமியார் ஜன்னலோர இடத்தை அவருக்கு விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

தேர் அந்த வீதிக்குள் திரும்பியது. பெரியவர் நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, கீழே இழுக்கிறவர்களோடு சேர்ந்து இழுக்க ஆரம்பித்தார். வாய் குழறிக் குழறி "கோவிந்தா" என்றார். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமியாருக்குத் தேரின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்த்தே கும்பிட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ அறைகளை ஏலத்தில் பிடித்திருக்கிறேன். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் எதிரே யாராவது விடாமல் ஏற்றினால், அவருக்கு அந்த அறை எதற்குத் தேவையோ என்று யோசிக்காமல் என் விரல் அசைவதில்லை.